பெண்கள் பக்கம் கேட்கவில்லை

சவரிமுத்து போய்விட்டான் என்ற செய்தி எனக்குத் தொலைபேசியில்தான் வந்தது. எங்களுக்கு வேறு எப்படி வரும்? காலை ஒன்பது மணி இருக்கும். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே மல்லாட்டை மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று குறுக்கே நின்று வழியை அடைத்திருந்தது. ஆரன் சத்தத்தில் அவன் மனைவி பிலோமினா சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. "இன்னாம்மா, சரியா கேக்கல" என்றேன். "அவரு போயிட்டாருண்ணா" என்றாள். இந்த முறை நன்றாகவே கேட்டது. ஆனாலும் இன்னொரு தடவை "கேக்கலம்மா" என்றேன். அவள் மூன்றாவது முறையும் சொன்னாள். பாவம், அவளை மூன்று முறை சொல்ல வைத்தேன்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எங்களோடு வேலை பார்த்த நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏழாம் நாள் பூசைக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். பூசை முடிந்து சாப்பிடும்போது என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "நண்பன்னா ஏழுமல மாதிரி இருக்கணும், சவரி பாட்டு கேக்கறதுக்குன்னு ஒரு பொட்டியையே செஞ்சு குடுத்தான்யா" என்றீர்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அது அடக்கம் இல்லை. அந்தப் பெட்டியைப் பற்றி உங்களுக்குத் தெரியாததை இப்போது சொல்லிவிடுகிறேன். பிலோமினாவும் இதைப் படிப்பாள். அவள் முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

1993இல் நான் விழுப்புரம் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது சவரி அங்கே வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் போர்டில் ஆபரேட்டர். என்னைவிட இரண்டு வயது பெரியவன், ஆனால் முதல் வாரத்திலேயே வாடா போடா என்றாகிவிட்டது. காதில் ஹெட்செட் மாட்டினால் அவன் வேறு ஆள். ஒரு நாள் பிரம்மதேசம் லைனில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு கரகரப்பு. எனக்கு அது வெறும் கரகரப்புதான். சவரி ஹெட்செட்டைக் கழற்றாமலேயே என்னைப் பார்த்து, "யோவ், சின்ன பாலத்தாண்ட கேபிள்ல தண்ணி எறங்கிக்கினு கீது" என்றான். "நீ இன்னா, இங்க குந்திக்கினே அங்க எட்டிப் பாத்தியா?" என்று கிண்டல் செய்தேன். சாயந்தரம் லைன்மேன் போய்த் தோண்டினான். பாலத்துக்குப் பத்தடி தள்ளி, இணைப்பு முழுக்கத் தண்ணீர். அன்றைக்கு அவன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். ஜெயித்தவன்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது அவன் வைத்திருந்த முறை.

டிரங்க் போர்டுக்கு வேலை இல்லாமல் போன பிறகு அவனைத் திண்டிவனத்தில் புகார் மேசையில் போட்டார்கள். கொஞ்ச நாளில் நானும் அங்கே மாற்றலாகி வந்தேன். புகார் வந்தால் அவன் ஒரு சீட்டு எழுதுவான். டாக்கெட் என்போம். என்ன புகார், சோதித்ததில் என்ன தெரிந்தது, கோளாறு எங்கே, எல்லாம் அதில் இருக்கும். புகார் கொடுத்தவர் பக்கமே, அதாவது சப்ஸ்க்ரைபர் பக்கமே, கோளாறு என்று எழுத வேண்டுமானால் மட்டும் ஆபரேட்டர் கையெழுத்து போதாது. டெக்னீஷியன் திறந்து பார்த்து, பக்கத்தில் தானும் கையெழுத்து போட வேண்டும். எங்கள் எக்ஸ்சேஞ்சில் அப்படித்தான் வழக்கம். சவரிக்கு அந்தச் சீட்டு எழுதவே பிடிக்காது. "சப்ஸ்க்ரைபர் கேக்கலன்னு சொன்னா லைன்லதான்யா ஃபால்ட்டு. உனுக்குக் காது செவுடுன்னு சொல்றதுக்கா கவுருமெண்டு நமக்குச் சம்பளம் குடுக்குது?" என்பான். தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது சட்டையை உதறிக்கொண்டு என் மேசைக்கு வந்து, "பெண்டிங் ஏதாச்சும் கீதா ஏழுமல?" என்று கேட்பான். "நில்", அதாவது பாக்கி ஒன்றும் இல்லை என்று நான் இங்கிலீஷில் சொன்னால்தான் சைக்கிளை எடுப்பான். ஒரு சீட்டாவது பாக்கி என்றால் பேஜாராகிவிடும். மணி ஏழானாலும் உட்கார்ந்திருப்பான்.

பெட்டிக்கு வருகிறேன். சவரியின் ஊர் மயிலத்துக்கு மேற்கே ஒரு கிறிஸ்தவக் கிராமம். அவன் கல்யாணம் ஆன மறு வருடத்துத் திருவிழாவில், கோயிலுக்குள் இரண்டு மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு, முழுப் பாடற்பூசையையும் கேசட்டில் பிடித்து வைத்திருந்தான். அந்தக் கோயிலில் இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள், கலந்து உட்கார மாட்டார்கள். அதனால் ஹெட்போனில் கேட்டால் பெண்கள் எல்லோரும் இடது காதில், ஆண்கள் எல்லோரும் வலது காதில். நடுவில் சாமியார். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் பிலோமினாவின் குரல். புதுப்பெண்ணாக வந்த ஊரில் அவள் பாடிய முதல் திருவிழாப் பூசை அது. மகளின் படிப்புக்காக அவன் கம்ப்யூட்டர் வாங்கியபோது நான் அந்தக் கேசட்டை அதில் ஏற்றிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரிலிருந்து கேட்டவன் மூஞ்சியைச் சுளித்தான். "எல்லாரும் கம்பளி போத்திக்கினு பாடற மாதிரி கீதுய்யா."

அதற்காகத்தான் ஹெட்போனுக்கென்றே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் கட்டினேன். சென்னை ரிச்சி தெருவில் அலைந்து பாகங்கள் பொறுக்கினேன். அலுமினியப் பெட்டி, முன்னால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஒரு திருகு, மேல் மூடியில் நான்கு ஸ்க்ரூ. கொண்டுபோய் வைத்து, மாட்டி விட்டேன். சவரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல ஆரம்பித்தான். "இது எங்க சின்னம்மா. இது கொல்லத்துக்காரரு பொண்டாட்டி. தோ, பிலோமினா. மூச்சு உட்றது கூடக் கேக்குதுய்யா." அடுப்படியிலிருந்து பிலோமினா, "நான் இங்க நின்னு காபி குடிக்கிறீங்களான்னு கத்திக்கினு கீறேன், அது கேக்கல. பொட்டிக்குள்ள நான் மூச்சு உட்றது கேக்குதாம்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் நான் அதிகம் சிரித்த நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்தப் பெட்டிதான் எங்கள் இருவருக்கும் விளையாட்டுச் சாமான். ஐசியை மாற்றுவோம், நல்லதாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போடுவோம், திருகு கரகரத்தால் வேறு பொருத்துவோம். ஞாயிற்றுக்கிழமை அவன் பூசைக்குப் போய் வந்ததும் நான் என் ஊர் ஓமந்தூரிலிருந்து பஸ் ஏறிவிடுவேன். ஒரு பாகத்தை மாற்றிவிட்டு அதே பூசையை மறுபடி கேட்பது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் எனக்கு அதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமைகள் வாய்க்கவில்லை.

2009இல் ஒரு நாள் சவரி சொன்னான். "ஏழுமல, பொம்பளைங்க பக்கம் கேக்கலய்யா. ரொம்ப தள்ளிப் போயிட்ட மாதிரி கீது." நான் பெட்டியையும் ஹெட்போனையும் வீட்டுக்கு எடுத்துப்போனேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். இடதும் வலதும் ஒரே அளவு. மாட்டிக் கேட்டேன். பெண்கள் இடது பக்கம் கணீரென்று பாடினார்கள். இடம் மாற்றி மாட்டினேன். வலது பக்கமும் கணீரென்றுதான் பாடினார்கள். பெட்டியில் கோளாறு இல்லை. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது, சவரியின் இடது காதில்தான் ஏதோ குறைகிறது என்று.

பத்து கிலோமீட்டருக்கு அப்பால் தண்ணீர் இறங்குவதைக் கேட்ட காது அது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? ஆபீசில் தெரிந்தால் புகார் மேசையிலிருந்து தூக்கி ஸ்டோர்ஸில் போட்டுவிடுவார்கள் என்றும் நினைத்தேன். இவையெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மையில் எனக்குத் தைரியம் இல்லை. அவன் மூஞ்சி வாடுவதைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். இடது பக்கம் ஒரே ஒரு ரெசிஸ்டரை மாற்றினேன். இடது பக்கச் சத்தம் மட்டும் கூடியது. திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்து, "கெப்பாசிட்டர் காஞ்சி போயிருந்துச்சி" என்றேன். சவரி கேட்டுவிட்டு, "தோ வந்துட்டாங்க, எல்லாரும் வந்துட்டாங்க" என்று என் முதுகில் தட்டினான். அந்தத் தட்டலுக்கு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

வயதானால் காது மந்தமாகும் என்று நினைத்தேன். இரண்டு காதுக்கும் ஒரே வயதுதானே, ஒன்று மட்டும் ஏன் மந்தமாக வேண்டும்? இதை யோசிக்க டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு டெக்னீஷியனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அடுத்த வருடம் மறுபடியும் பெண்கள் பக்கம் குறைந்தது. மறுபடியும் ரெசிஸ்டரை மாற்றினேன். இந்த முறை சவரிக்குத் திருப்தி இல்லை. "சத்தம் வருது, சொல்லு வரலய்யா. பாடறது தெரியுது, இன்னா பாடறாங்கன்னு தெரியல." நான் உடனே கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டேன். கம்ப்யூட்டரில் பாட்டு எண்களாகக் கிடக்கிறது, அதைத் திரும்பச் சத்தமாக மாற்றுகிற சாமான் அதில் மட்டமானது, அதற்கென்றே தனியாக ஒரு பெட்டி வருகிறது, டாக் என்று பேர், அதைப் போட்டால் சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும் என்று பெரிய பிரசங்கமே செய்தேன். சொன்னதில் பாதி உண்மை. டாக் வந்தது. உண்மையிலேயே நல்ல சாமான். நான் மாட்டிக் கேட்டபோது எனக்கே புல்லரித்தது, கோயில் ஓட்டில் புறா சிறகடிப்பது வரைக்கும் கேட்டது. சவரி மாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆம்பளைங்க சூப்பரா கீறாங்க" என்றான். பெண்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2011இல் மூன்றாவது முறை இடது பக்கத்தைக் கூட்டினேன். அதற்குமேல் கூட்ட இடமில்லை. சாதாரணக் காதில் அந்த இடது பக்கம் அறைந்தது போல் விழும். அதன் பிறகு சவரி புகார் சொல்வதை நிறுத்திவிட்டான். நான் நிம்மதியாக இருந்தேன். டாக்கும் பெட்டியும் சேர்ந்து வென்றுவிட்டன என்று, நம்புங்கள், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னான், "ஏழுமல, அந்தப் பொட்டிய ஒரு வாட்டி தொறந்து பாரேன்." "இன்னா, சவுண்டு சரியில்லயா?" "சவுண்டுலாம் நல்லாத்தான் கீது. சும்மா ஒரு வாட்டி தொறந்து பாரு." "நல்லா கீறத எதுக்குயா தொறக்கணும்?" என்று பேச்சை மாற்றினேன். திறந்தால் மறுபடி கூட்டச் சொல்வானோ என்று எனக்குப் பயம். சில மாதம் கழித்து ஒரு தடவை ஸ்க்ரூ டிரைவரையே எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். நான் அதை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

2013இல் திண்டிவனம் பஸ் நிலையத்தில் சவரி விழுந்தான். தடுக்கி விழுந்ததாகச் சொன்னான். தடுக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அதற்கு முன்பே நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து போனதைப் பிலோமினா கவனித்திருக்கிறாள். புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் கட்டி, எலுமிச்சம்பழம் அளவு. டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "இந்தப் பக்கம் எவ்ளோ நாளா கேக்கல?" பிலோமினா, "அவரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லலைங்களே. பாட்டு கூட டெய்லி கேட்டுக்கினுதானே இருந்தாரு" என்றாள். சொல்லிவிட்டு, சாட்சிக்கு என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். டாக்டர் படத்தைக் கீழே வைத்து, "காது மந்தமாக ஆரம்பிச்சப்பவே வந்திருந்தீங்கன்னா பட்டாணி சைஸ்ல இருந்திருக்கும்" என்றார். அவர் குற்றம் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். நான்கு வருடம் என்று என்னால் சொல்லியிருக்க முடியும். மாதம் தேதியோடு சொல்லியிருக்க முடியும்.

ஆபரேஷன் நடந்தது. இடது காது முழுக்கப் போனது. முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. விழுங்குகிற நரம்பும் கெட்டுவிட்டது. கேப்பைக் கூழைக்கூட ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டியிருந்தது, அதிலும் பாதி புரையேறியது. பதினான்கு மாதம் அப்படி இருந்தான். அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒரு நாள் கிளம்பிப் போனேன். இடதையும் வலதையும் ஒன்றாகச் சேர்த்து வலது காதிலேயே எல்லாரையும் கேட்கிற மாதிரி மாற்றித் தருகிறேன், ஒரு ஒயர்தான், அஞ்சு நிமிஷ வேலை என்றேன். அவன் கோணிய வாயால் சிரித்தான். "வேணாம்யா. கோயில்ல கலந்து குந்த மாட்டாங்க. கலந்து உட்டன்னா யாரு எங்க கீறாங்கன்னு எனக்குத் தெரியாது." தினமும் சாயந்தரம் அப்படியேதான் மாட்டிக்கொண்டு கேட்டான் என்று பிலோமினா சொன்னாள். வலது பக்கம் ஆண்கள் மட்டும் பாடுகிற பூசையை.

அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் பழையபடி, "பெண்டிங் ஏதாச்சும் கீதா ஏழுமல?" என்று கேட்டான். வாய் கோணி, சொல் குழறி வந்தது, ஆனால் கேட்டது அதையேதான். என் பதில் பழக்கத்தில் வந்ததா, பயத்தில் வந்ததா, எனக்குத் தெரியாது. "நில்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அவனை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி. கூழ் நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் கண்டு, நான்கே நாளில் முடிந்துவிட்டது.

ஏழாம் நாள் நீங்கள் எல்லோரும் போன பிறகு பிலோமினா பெட்டியையும் டாக்கையும் ஹெட்போனையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். "நீங்க செஞ்சதுண்ணா. நீங்களே எடுத்துக்கினு போங்க. இத இங்க வெச்சிக்கினு என்னால பாக்க முடியல." வீட்டுக்கு வந்து மாட்டிக் கேட்டேன். இடது பக்கம் பெண்கள் காதைப் பிய்க்கிற மாதிரி வந்தார்கள். ஆண்கள் அடுத்த தெருவில் பாடுவது போல் இருந்தது. அந்த மூன்று ரெசிஸ்டர் வேலையையும் பழையபடி ஆக்கிவிடலாம் என்று மூடியைத் திறந்தேன்.

மூடியின் உள்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிய ஒரு டாக்கெட் இருந்தது. எக்ஸ்சேஞ்ச் சீட்டு, அவன் கையெழுத்து. தேதி, நான் மூன்றாவது முறை திறந்து மூடியதற்கு அடுத்த வாரம். புகார்: பொம்பளைங்க பக்கம் கேக்கல. சோதித்தது: ஹெட்போனை சைடு மாத்திப் போட்டுப் பார்த்தேன். பொம்பளைங்க வந்தாங்க, ஆம்பளைங்க போயிட்டாங்க. லைன் ஓகே. கோளாறு: சப்ஸ்க்ரைபர் பக்கம். கீழே ஆபரேட்டர் என்ற இடத்தில் சவரிமுத்து என்று முழுக் கையெழுத்து. பக்கத்தில் டெக்னீஷியன் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

அவனுக்கும் வாயால் சொல்லப் பயம். அதனால் தனக்குத் தெரிந்த முறைப்படி எழுதி, நான் பார்க்கிற இடத்தில் வைத்து, திற, திற என்று இரண்டு முறை கேட்டிருக்கிறான். ஸ்க்ரூ டிரைவரைக் கையிலும் கொடுத்திருக்கிறான். நான் திறந்து பார்த்து ஆமாம் என்று சொல்லியிருந்தால் மறுநாளே டாக்டரிடம் போயிருப்பான். சவரி அப்படிப்பட்டவன், உங்களுக்குத் தெரியும். பாக்கி வைத்துக்கொண்டு தூங்குகிறவன் இல்லை.

பிலோமினா, என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான். ரெசிஸ்டர்களை நான் மாற்றவில்லை, பெட்டி அப்படியே இருக்கிறது. மாட்டினால் அவன் காதுக்காக ஏற்றி வைத்த சத்தத்தில் பிலோமினா பாடுகிறாள், மூச்சு விடுகிறாள். எனக்கு வலிக்கிறது, கழற்றி வைத்துவிடுகிறேன். சீட்டை மட்டும் பிரித்தெடுத்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன். நேற்றுகூட டெக்னீஷியன் இடத்தில் கையெழுத்து போடப் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். கையெழுத்துக்குக் கீழே தேதி போட வேண்டும். எந்தத் தேதியைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.